பலகை யாருக்கு இடம் தந்தது? ஏலமலையிலிருந்து ஒரு கணினி வரலாறு

தமிழில் 'ஏலம்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, மலைச்சரிவில் நிழலில் விளையும் நறுமணக் காய். பதினெண்கீழ்க்கணக்கில் 'ஏலாதி' என்றொரு நூலே இதன் பெயரால் அமைந்திருக்கிறது. மற்றொன்று, போட்டிக்கு விலை கூறி விற்றல். இது போர்த்துக்கீசியரின் 'லெய்லாவ்' என்னும் சொல்லிலிருந்து வந்தது என்பர். பிறப்பால் எவ்வித உறவும் இல்லாத இவ்விரு சொற்களும் ஒரே கூடத்தில் சந்தித்துக்கொள்ளும் ஊர் போடிநாயக்கனூர். அங்கே நடப்பது ஏலத்தின் ஏலம்.

அந்தக் கூடத்தில் 2007ஆம் ஆண்டு ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை குரலால் கேட்கப்பட்டு வந்த விலை, நறுமணப் பொருள் வாரியம் கொண்டுவந்த மின்னணு ஏல முறையால் திரைக்கு இடம்பெயர்ந்தது. வணிகர்கள் தத்தம் கணினியின் முன் அமர்ந்திருப்பர். காயின் மாதிரி அவர்கள் கைக்கு வந்து சேரும். நிறத்தையும் பருமனையும் பார்த்து, ஒன்றிரண்டு காய்களை உடைத்து முகர்ந்து, விசையை அழுத்துவர். எண் ஏறும், நிற்கும், அடுத்த குவியல் வரும். மலையின் மறுபக்கத்தில், கேரளத்து வண்டன்மேட்டை அடுத்த புற்றடியிலும் இதே ஏற்பாடுதான்.

இதே ஆண்டுகளில்தான் நம் நாட்டில் வேறொரு வகைக் கணினியைப் பற்றிப் பெரிய பேச்சு நடந்துகொண்டிருந்தது. மேசையில் நிலைத்து நிற்காத, கையில் ஏந்திச் செல்லத்தக்க, உழவரிடமும் மாணவரிடமும் நேரே போய்ச் சேரப்போகிற கணினி. சிம்ப்யூட்டர், நூறு டாலர் மடிக்கணினி, ஐபேட், ஆகாஷ் என்று ஒன்றன்பின் ஒன்றாக அவை அறிவிக்கப்பட்டன, ஒப்பிடப்பட்டன, புகழப்பட்டன, பெரும்பாலும் மறக்கப்பட்டன. அப்போதைய ஒப்பீடுகள் எல்லாம் செயலியின் வேகம், நினைவகத்தின் அளவு, விலை ஆகிய மூன்றோடு நின்றுவிட்டன. அந்தப் பழைய போட்டியாளர்களை இன்று மீண்டும் வரிசையில் நிறுத்தி, போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் வைத்துப் பார்த்தால் யாருடைய பலம் எது, பலவீனம் எது என்று தெரியும் என்பது நமது எண்ணம்.

இக்கருவிக்குத் தமிழில் வைக்கப்பட்ட பெயர்கள் பல: கைக்கணினி, சிலேட்டுக் கணினி, வரைப்பட்டிகை, பலகைக் கணினி. நாம் இங்கே 'பலகை' என்பதையே கொள்கிறோம். காரணம், நம்மிடம் ஏற்கெனவே ஒரு பலகை இருக்கிறது. மதுரைத் தமிழ்ச் சங்கத்துக்குச் சிவபெருமான் அளித்ததாகச் சொல்லப்படும் சங்கப்பலகை, தகுதியுடைய புலவர் வந்தால் தானே வளர்ந்து இடம் கொடுக்கும் என்பது கதை. புதிய பலகைகளையும் அதே கேள்வியால் அளக்கலாம். யார் வந்தபோது அவை வளர்ந்து இடம் தந்தன?

பெங்களூரில் செய்த பலகை

முதற்பலகை நம் அண்டை மாநிலத்திலேயே செய்யப்பட்டது. 1998இல் பெங்களூரில் தகவல் தொழில்நுட்பமும் வளரும் நாடுகளும் குறித்து நடந்த கருத்தரங்கு ஒன்றில் விதை விழுந்தது. 1999இல் சிம்ப்யூட்டர் அறக்கட்டளை உருவாயிற்று. இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் மென்பொருள் நிறுவனத்தாரும் அதில் இணைந்திருந்தனர். 2001 ஏப்ரலில் முன்மாதிரி காட்டப்பட்டது. எளியது, மலிவானது, பன்மொழிக்குரியது என்னும் மூன்று அடைமொழிகளின் ஆங்கிலச் சுருக்கமே அதன் பெயர்.

206 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங்ஆர்ம் செயலி, சில பத்து மெகாபைட் நினைவகம், 320க்கு 240 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் தொடுதிரை, எழுத ஒரு குச்சி, லினக்ஸ் இயங்குதளம், மூன்று சிறு மின்கலங்கள் என்பது அதன் அமைப்பு. எண்ணிய விலை 9,000 ரூபாய் அளவு. இன்றைய கண்ணுக்கு இவை அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அக்கருவிக்குள் இரண்டு பெரிய சிந்தனைகள் இருந்தன.

முதலாவது, குரல். எழுத்தறியாதவரும் பயன்படுத்த வேண்டும் என்பதால் எழுத்தைப் படித்துக்காட்டும் மென்பொருளை அதற்கென்றே எழுதினார்கள். இந்தி, கன்னடம், தமிழ் ஆகிய மொழிகள் தொடக்கத்திலேயே எண்ணத்தில் இருந்தன. கணினிக்குத் தமிழ் பின்னர் ஒட்டப்பட்ட தாளாக இல்லாமல் அடித்தளத்திலேயே வைக்கப்பட்ட அபூர்வமான முயற்சி அது. இரண்டாவது, பொதுமை. ஒரு குடும்பம் ஒரு கருவியை வாங்க இயலாது என்பதை ஒப்புக்கொண்டு, ஊருக்கு ஒரு கருவி, ஆளுக்கு ஒரு சில்லட்டை என்று வகுத்தார்கள். அட்டையைச் செருகினால் கருவி அவருடையதாகும். எடுத்தால் அடுத்தவருடையதாகும். வன்பொருளின் வடிவமைப்பையே கட்டற்ற மென்பொருளின் உரிமத்தை ஒத்த ஓர் உரிமத்தில் வெளியிட்டார்கள்.

2001 டிசம்பரில் அறிபுனை எழுத்தாளர் புரூஸ் ஸ்டெர்லிங், நியூயார்க் டைம்ஸ் இதழில் அவ்வாண்டின் முக்கியமான கணினிக் கண்டுபிடிப்பு இதுவே என்று எழுதினார். 2004இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில், பிகோபெட்டா நிறுவனத்தின் வழியே 'அமிடா சிம்ப்யூட்டர்' விற்பனைக்கு வந்தது. மிக எளிய வகையின் விலை ஏறத்தாழ 10,000 ரூபாய். கருவியைச் சாய்த்தால் பக்கம் புரளும் அசைவுணரி அதில் இருந்தது. ஐபோன் வருவதற்கு மூன்றாண்டுகள் முன்பே இது நடந்தது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

எனினும் சில ஆயிரம் கருவிகளே விற்றன. காரணங்களை அடுக்குவது எளிது. அதில் பேச முடியாது, அதற்குள் கைபேசி மலிவாகிவிட்டது. வாங்குவார்கள் என்று நம்பியிருந்த அரசுகள் பேரளவில் வாங்கவில்லை. இவற்றினும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஊருக்கு ஒரு கருவி என்றால் அதை வைத்திருப்பவர் யார், அட்டையைத் தருபவர் யார், அதில் நாள்தோறும் தெரியவேண்டிய செய்தியை நிரப்புபவர் யார்? இக்கேள்விகளுக்கு விடையாக ஓர் அமைப்பு எழுந்திருக்க வேண்டும். கருவி பிறந்தது, அமைப்பு பிறக்கவில்லை.

நூறு டாலரும் பத்து டாலரும்

2005 நவம்பரில் துனிஸ் நகரில் நடந்த தகவல் சமுதாய மாநாட்டில் நிகோலஸ் நெக்ரோபாண்டே ஒரு பச்சை நிறக் கருவியைக் காட்டினார். பக்கவாட்டில் கைப்பிடி வைத்துச் சுற்றினால் மின்சாரம் உண்டாகும் என்பது அப்போதைய கவர்ச்சி. விற்பனை வடிவத்தில் அக்கைப்பிடி இல்லை. நூறு டாலர் என்று அறிவிக்கப்பட்ட விலை 200 டாலரை நெருங்கிற்று. நம் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2006இலேயே அத்திட்டத்தில் சேர மறுத்துவிட்டது.

எக்ஸ்ஓ என்னும் அக்கருவி விசைப்பலகையுடைய மடிக்கணினிதான். ஆயினும் திரையைத் திருப்பி மடித்தால் பலகையாக வாசிக்கலாம் என்பதால் இவ்வரிசையில் அதற்கும் இடமுண்டு. அதன் தனிச்சிறப்பு திரை. மேரி லூ ஜெப்சன் வடிவமைத்த அத்திரை, வெயில் படப்படத் தெளிவாகத் தெரியும். வெயிலில் வண்ணம் மறைந்து கறுப்பு வெள்ளையாகும், ஆனால் எழுத்து மறையாது. திறந்தவெளியில் மரத்தடியில் படிக்கும் குழந்தையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட திரை அது.

நூறு டாலரை மறுத்த நம் அரசு, தானே பத்து டாலரில் தரப்போவதாகக் கூறியது. 2009 பிப்ரவரியில் திருப்பதியில் அதன் அறிமுகம் நடந்தது. உலகெங்கும் எதிர்பார்ப்பு எழுந்திருந்த வேளையில், காட்டப்பட்டது கணினியே அல்ல, பாடங்களைச் சேமித்து வைக்கும் ஒரு பெட்டி என்று தெரியவந்தது. இது நகைப்புக்கு இடமான நிகழ்ச்சி என்றாலும் அதில் ஒரு பாடம் உண்டு. முதலில் விலையை முடிவு செய்துவிட்டுப் பிறகு அதற்குள் அடங்கும் பொருளைத் தேடுவது என்னும் பழக்கம் அங்கே தொடங்கிற்று.

ஆப்பிளும் அதன் போட்டியாளரும்

2010 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேடை அறிவித்தார். பலகைக் கணினி அதற்கு முன்னும் இருந்ததுண்டு. 1993இல் ஆப்பிளின் நியூட்டன், 2002இல் மைக்ரோசாப்டின் பலகைக் கணினித் திட்டம் ஆகியவை குச்சியை நம்பின. ஐபேட் விரலை நம்பியது. 9.7 அங்குலத் திரை, 700 கிராமுக்குச் சற்றுக் குறைந்த எடை, ஒருமுறை மின்னேற்றினால் ஏறத்தாழ பத்து மணி நேரம். பலகை என்றால் இனி இதுதான் என்று உலகம் முடிவு செய்தது.

இந்தியாவில் சாம்சங்கின் கேலக்ஸி டேப் 2010 நவம்பரில் 38,000 ரூபாய்க்கு முந்திக்கொண்டது. ஏழு அங்குலத் திரை, ஒரு கையில் அடங்கும், தொலைபேசியாகவும் பேசலாம். ஐபேட் 2011 ஜனவரியில் 27,900 ரூபாயிலிருந்து விற்பனைக்கு வந்தது. நம் நாட்டு இளைஞர்கள் தொடங்கிய நோஷன் இங்க் நிறுவனத்தின் 'ஆடம்' பலகையும் அதே பருவத்தில் வெளிவந்தது. எக்ஸ்ஓவின் திரையைச் செய்த ஜெப்சனின் பிக்சல் கியூஐ திரையை அது கையாண்டதால், வெயிலில் படிக்கத்தக்க ஒரே பலகை என்னும் பெருமை அதற்கு உண்டாயிற்று. மென்பொருள் முதிராமையால் அப்பெருமை நீடிக்கவில்லை.

ஓர் உள்ளூர்க் குறிப்பு: மதுரையிலிருந்து போடிக்கு ஓடிக்கொண்டிருந்த மீட்டர் கேஜ் ரயில், அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்டது 2010ஆம் ஆண்டின் இறுதியில்தான். கையடக்கக் கணினி இந்தியாவுக்குள் வந்த அதே வாரங்களில் ஊர் தன் ரயிலை இழந்தது. ரயில் திரும்பி வர 2023 ஜூன் ஆயிற்று. இந்த இடைவெளிக்குள் நாம் பேசும் பலகைகளில் பெரும்பாலானவை பிறந்து மறைந்துவிட்டன.

ஆகாஷ்

2010 ஜூலையில் அமைச்சர் கபில் சிபல் 35 டாலர் கருவி ஒன்றைச் செய்தியாளர்களிடம் காட்டினார். 2011 அக்டோபர் 5 அன்று 'ஆகாஷ்' முறைப்படி வெளியிடப்பட்டது. ராஜஸ்தான் ஐஐடி முன்னின்று நடத்த, டேட்டாவிண்ட் நிறுவனம் ஒப்பந்தம் பெற்று, ஹைதராபாத்தில் கருவிகள் பொருத்தப்பட்டன. அரசு கொடுத்த விலை கருவி ஒன்றுக்கு 50 டாலரை ஒட்டி இருந்தது. மானியம் போக மாணவர் தரவேண்டியது அதனினும் குறைவு.

366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 மெகாபைட் நினைவகம், ஏழு அங்குல அழுத்தத் தொடுதிரை, ஆண்ட்ராய்டு 2.2, மூன்று மணி நேரத்தைத் தாண்டாத மின்கலம். திரையை அழுத்தித் தொட வேண்டியிருந்தது. வேகம் மிகக் குறைவு. கூகிளின் செயலிச் சந்தை அதில் இல்லை. கருவியின் தரச் சோதனைகள் குறித்து ஐஐடிக்கும் நிறுவனத்துக்கும் இடையே பூசல் எழுந்தது. பின்னர் திட்டம் மும்பை ஐஐடிக்கு மாறியது. 2012 நவம்பர் 11 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி வெளியிட்ட ஆகாஷ் 2, ஒரு கிகாஹெர்ட்ஸ் செயலியும் 512 மெகாபைட் நினைவகமும் விரல் தொடுகையை உணரும் திரையும் ஆண்ட்ராய்டு 4.0உம் கொண்டு, முந்தையதன் குறைகள் பலவற்றைத் தீர்த்தது. ஆனால் அதற்குள் நம்பிக்கை தேய்ந்திருந்தது.

ஆகாஷின் பலம் ஒன்றே ஒன்று, அதன் விலை. அந்தப் பலத்தை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. பலகை என்றாலே முப்பதாயிரம் ரூபாய் என்றிருந்த சந்தையில், மூவாயிரம் ரூபாய்க்கும் பலகை செய்ய முடியும் என்று காட்டியது அதுவே.

மலை வைக்கும் தேர்வு

இனி இக்கருவிகளை மலைக்குக் கொண்டுசெல்வோம். இந்த மலைக்குக் கருவிகளைச் சோதித்துப் பார்த்துத் தள்ளிய அனுபவம் முன்பே உண்டு. 1902இல் மூணாற்றுத் தேயிலையைக் கொண்டுவர மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். 1908இல் அதை அகற்றிக் குறும்பாதை ரயில் விட்டார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கிப் போடிக்கு வந்தன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் ரயிலை அடித்துச் சென்றது. மலையில் எது நிற்கும் என்பதை மலைதான் முடிவு செய்யும்.

விடியலில் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கோம்பையிலிருந்தும் ஜீப்புகளில் ஏறிக் கேரளத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கச் செல்லும் பெண்களை நினைத்துக்கொள்வோம். ஏலக்காய் கிளையில் காய்ப்பதில்லை. தூரின் அடியிலிருந்து நிலத்தை ஒட்டிப் படரும் சரத்தில் காய்க்கும். குனிந்து, மண்ணில் கை வைத்து, பழுத்ததைப் பார்த்து எடுக்க வேண்டும். எடுப்புக் காலத்தின் பெரும்பகுதி மழைக்காலம். அந்தக் கையில் ஒரு பலகையைக் கொடுத்தால் என்ன ஆகும்?

முதல் தேர்வு நீர். ஐபேட், கேலக்ஸி டேப், ஆகாஷ் 2 ஆகியவற்றின் திரைகள் விரலின் மின்னேற்பை உணர்பவை. ஈர விரலும் திரையில் விழும் மழைத்துளியும் அவற்றைக் குழப்பிவிடும். பலரும் நகைத்த முதல் ஆகாஷின் அழுத்தத் திரையும் சிம்ப்யூட்டரின் குச்சித் திரையும் அழுத்தத்தை மட்டுமே அறிபவை. சேறு படிந்த விரலாலும், கையுறையோடும், ஒரு சுள்ளியாலும்கூட அவற்றைத் தொடலாம். நகரத்து ஒப்பீட்டில் பலவீனம் என்று எழுதப்பட்டது இங்கே பலமாகிறது. ஆயினும் கருவிக்குள் நீர் புகாமல் காப்பதில் இவற்றுள் எதுவுமே தேறாது.

இரண்டாவது ஒளி. தோட்டத்துக்குள் நிழல் உண்டு. ஆனால் சாலையிலும் காய் உலர்த்தும் ஸ்டோரின் முற்றத்திலும் வெயில் கண்ணாடித் திரையில் பட்டால் பார்ப்பவர் முகமே தெரியும். சிம்ப்யூட்டரின் கறுப்பு வெள்ளைத் திரையும் எக்ஸ்ஓவும் ஆடமும் இதில் வெல்கின்றன. அழகில் முதலிடம் பெறும் ஐபேட் இங்கே பின்தங்குகிறது.

மூன்றாவது மின்சாரம். ஐபேடின் பத்து மணி நேரம் ஒரு வேலைநாளுக்குப் போதும். ஆகாஷின் மூன்று மணி நேரம் ஜீப் மலையேறி இறங்குவதற்கே சரியாகிவிடும். ஆனால் நேரக்கணக்கில் மட்டும் பார்த்தால் சிம்ப்யூட்டரின் சிறப்பு விட்டுப்போகும். அதன் மின்கலங்கள் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைப்பவை. தீர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஐபேடின் மின்கலத்தை உரியவரே எடுக்க முடியாது.

நான்காவது மொழி. இலக்கிய வாசகர்களாகிய நமக்கு மிக நெருக்கமானது இத்தேர்வே. 2010 ஜூனில், செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. அதற்கு அடுத்த ஆண்டு நடுவண் அரசு மாணவர்களுக்கென்று வெளியிட்ட ஆகாஷில், ஆண்ட்ராய்டு 2.2 தன் இயல்பில் தமிழை அறியாது. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் வெற்றுக் கட்டங்கள் வரிசையாக நிற்கும். ஓபேரா மினி உலாவியில் எழுத்தைப் படமாக மாற்றிப் பெறும் ஒரு குறுக்குவழியைத் தேடிக் கண்டுபிடித்தே அக்காலத்தில் பலரும் தமிழ் படித்தார்கள். எழுத்துருவை எப்படியோ உள்ளே செலுத்தினாலும் சிக்கல் தீராது. 'கொ' என்று காட்டவேண்டுமானால் கொம்பு முன்னும் கால் பின்னும் வந்து நடுவில் ககரம் அமர வேண்டும். இந்த வரிசையை அமைக்கும் அறிவு இயங்குதளத்தில் இல்லையெனில் கொம்பும் காலும் இடம் மாறிச் சொல் சிதையும். ஆண்ட்ராய்டு 4.0 வந்த பிறகே இக்குறை நீங்கத் தொடங்கிற்று. ஐபேட் தமிழைச் செம்மையாகக் காட்டிற்று என்றாலும், தமிழ் விசைப்பலகை அதற்குள்ளேயே அமைந்தது 2013இல் ஐஓஎஸ் 7 வந்தபோதுதான். தமிழகப் பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டிய மலிவுப் பலகைக்குத் தமிழ் தெரியாது. அதற்குப் பத்தாண்டுகள் முன்பே தமிழைப் பேச வைக்க முயன்ற பலகை விற்பனையாகாமல் கிடந்தது. இது நம் மொழிக்கணிமை வரலாற்றில் வருந்தத்தக்க ஓர் இடம்.

ஐந்தாவது பழுது. உடைந்தால் யார் சரிசெய்வார்? பலகைக்குள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டிருக்கும். திரை போனால் கருவியே போனதாகக் கொள்ளலாம். போடியிலோ தேனியிலோ கணினிக் கடை வைத்திருப்பவர் மேசைக்கணினியைப் பிரிப்பார், மடிக்கணினியைப் பிரிப்பார். அன்றைய பலகைகளைப் பிரிக்க அவரிடம் உதிரிப்பாகமும் இல்லை, வழியும் இல்லை.

இந்த ஐந்தையும் கூட்டிப் பார்த்தால் மலைக்கு மிகவும் ஏற்ற பலகை 2001இல் வரையப்பட்டது என்ற முடிவுக்கு வருகிறோம். சந்தை அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

தமிழகம் தேர்ந்தது

ஆகாஷ் வெளியாவதற்குச் சரியாக இருபது நாள் முன்பு, 2011 செப்டம்பர் 15 அன்று, முதலமைச்சர் ஜெயலலிதா இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலாண்டில் மட்டும் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் தருவதாகத் திட்டம். எல்காட் நிறுவனம் ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கிய அக்கருவிகளில் விண்டோஸும், சிடாக் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. நடுவண் அரசு ஐம்பது டாலர்ப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தபோது, மாநில அரசு அதைப்போல் பல மடங்கு விலையுள்ள கருவியை வாங்கிக் கொடுத்தது. இதைத் தேர்தல் தாராளம் என்று விமர்சித்தோர் பலர். கருவிகள் விற்கப்படுகின்றன என்ற செய்திகளும் நாளிதழ்களில் வந்தன.

அக்குறைகளை மறுப்பதற்கில்லை. எனினும் ஒரு மாணவிக்கு எது பயன்பட்டது என்று கேட்டால் விடை தெளிவு. மடிக்கணினியில் விசைப்பலகை உண்டு, ஆகவே அதில் எழுத முடியும். பலகை பெரும்பாலும் பார்ப்பதற்கும் படிப்பதற்கும் உரியது. மடிக்கணினியில் ஒருங்குறித் தமிழ் இயல்பாக ஓடிற்று. நிரல் எழுதலாம், கணக்கு எழுதலாம், அண்ணன் கல்லூரிக்குப் போனபின் தங்கை பயன்படுத்தலாம். பழுதானால் ஊரில் ஒருவர் பார்ப்பார். எடை அதிகம், மின்கலம் சில ஆண்டுகளில் சோர்ந்துவிடும் என்பவை அதன் பலவீனங்கள். பலகையின் குறைகளோடு ஒப்பிட இவை பொறுத்துக்கொள்ளத்தக்கவை.

பின்னர் அத்திட்டமும் தேங்கி நின்றது. 2024இல் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினிகள் வழங்கப்பட்டன. 2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் 'கைக்கணினி அல்லது மடிக்கணினி' தரப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அந்த 'அல்லது' என்னும் சொல்லில் பதினான்கு ஆண்டுக்கால விவாதம் அடங்கியிருக்கிறது.

மீண்டும் ஏலக்கூடத்துக்கு

இத்தனை கையடக்கக் கருவிகள் வந்துபோன காலத்தில், போடியின் ஏலக்கூடத்துக் கணினிகள் இடம்பெயராமல் நின்றன. அவை மலிவானவை அல்ல, மெல்லியவை அல்ல, யாரும் அவற்றைப் பற்றிப் புகழ்ந்து எழுதியதும் இல்லை. ஆனால் அவற்றைச் சுற்றி ஓர் ஏற்பாடு இருந்தது. உரிமம் பெற்ற ஏல நிறுவனம், மாதிரி எடுக்கும் முறை, எடை போடுபவர், பணம் தரவேண்டிய கெடு, மேற்பார்வைக்கு ஒரு வாரியம். கணினி அந்த ஏற்பாட்டுக்குள் ஓர் உறுப்பாக அமர்ந்தது. 2021இல் மேகக் கணிமை வழியாகப் போடியும் புற்றடியும் இணைக்கப்பட்டு, ஓரிடத்து வணிகர் மற்றோர் இடத்து ஏலத்திலும் விலை கூறலாம் என்றாயிற்று. பெருந்தொற்றுக் காலத்தில் மாநில எல்லையைக் கடப்பது எத்தனை கடினமாக இருந்தது என்பதை அறிந்தவர்க்கு இதன் மதிப்பு விளங்கும்.

சிம்ப்யூட்டருக்குக் கிடைக்காதது இந்த ஏற்பாடுதான். அதன் கனவுகள் ஒவ்வொன்றும் பின்னர்க் கைபேசியில் நனவாயின. குரலால் கேட்டு அறிதல், தாய்மொழி, பணம் செலுத்துதல், பொருளின் விலை உடனுக்குடன் கைக்கு வருதல் எல்லாம் இன்று உண்டு. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட செய்தி, மலையெங்கும் நொடியில் பரவியது கைபேசியால்தான். அடுத்த ஆண்டுகளில் விலை சரிந்தபோதும் அவ்வாறே. நாள் விலை தெரியாத சிறு விவசாயி, தோட்டத்துக்கே வந்து வாங்கும் வணிகரிடம் எவ்வளவு இழப்பார் என்பதை எண்ணினால், இது சிறிய மாற்றம் அன்று.

ஆனால் சிம்ப்யூட்டரின் இரண்டாவது சிந்தனை, அதாவது ஒரு கருவி பலருக்கு என்பது, நனவாகவில்லை. எல்லாக் கருவியும் தனியுடைமை ஆயிற்று. வாங்க முடிந்தவர்க்குப் பலகை இடம் தந்தது. விலை ஏறுவதை வணிகர் காண்கிறார், தோட்டக்காரர் காண்கிறார். மழையில் குனிந்து காய் எடுக்கும் பெண்ணுக்கு விலை தெரிந்தாலும் அந்த எண்ணால் அவள் கூலி மாறுவதில்லை. அவளுக்கு வேண்டியது வேறு செய்திகள்: தன் பெயரில் பதிந்த வேலைநாள் எத்தனை, பிடித்தம் எவ்வளவு, இரு மாநில எல்லையில் வேலை செய்யும் தனக்கு எந்த நலவாரியம் பொறுப்பு. அவற்றை அவள் மொழியில், ஈரக் கையால் தொட்டுக் கேட்கத்தக்க ஒரு பொதுக்கருவியை, ஜீப் புறப்படும் இடத்தில் வைக்க இன்று தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை.

ஆகவே அரசோ பள்ளியோ தோட்டமோ மீண்டும் ஒரு பலகையை வாங்க முற்படும்போது, வேகத்தையும் நினைவகத்தையும் கேட்பதற்கு முன் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். நம் எழுத்து அதில் சிதையாமல் தெரியுமா? அதில் எழுத முடியுமா, பார்க்க மட்டும்தானா? வெயிலிலும் மழையிலும் வேலை செய்யுமா? உடைந்தால் நம் ஊரிலேயே யாரேனும் சரிசெய்வாரா? அதைச் சுற்றி நாளும் இயங்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறதா? இறுதியாக, அதை வாங்க இயலாதவர் வந்து நின்றால் அவருக்கும் கொஞ்சம் இடம் கொடுக்குமா? சங்கப்பலகைக் கதையைச் சொல்லி வளர்ந்த நாம், இந்தக் கேள்வியை விட்டுவிடாமல் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.